கேபிள்காரர்கள் கட்டிய கம்பிவழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த நாட்களில் டிவி வாங்கிய வீட்டுக்குக் கூடவே ஓர் இரும்புக் குழாயும் வந்து சேரும். மொட்டை மாடியில் அதை நட்டு, உச்சியில் மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனாவைப் பூட்டி, அதிலிருந்து ஒரு தட்டை ஒயரைச் சுவரோரமாக இறக்கி ஜன்னல் வழியே உள்ளே இழுப்பார்கள். பிளாஸ்டிக் பட்டையின் இரு ஓரங்களிலும் இரண்டு செப்புக் கம்பிகள் இணையாக ஓடும் மலிவான ஒயர் அது. டயனோராவோ சாலிடேரோ, டிவியின் முதுகில் இருந்த இரண்டு திருகுகளில் முனைகளைச் சுற்றி இறுக்கினால் வேலை முடிந்தது. கனெக்டர் என்ற ஒன்றுக்கு அங்கே இடமே இல்லை.

அந்தப் பட்டை ஒயரின் குறை மழைக்காலத்தில் தெரிந்துவிடும். அதில் ஓடும் சிக்னலின் மின்புலம் ஒயரைச் சுற்றிலும் திறந்த வெளியில் பரவி நிற்கிறது. ஈரச்சுவரில் பட்டாலும், இரும்புக் குழாயோடு ஒட்டிக் கட்டினாலும் சிக்னல் கசியும். பக்கத்து வீட்டு மிக்ஸியும் தெருவில் போகும் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கும் திரையில் கோடு கோடாக வந்து நிற்கும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். தொலைவில் இருந்தவர்களுக்குச் சிக்னலே அரைகுறை. அதில் பாதியை ஒயரும் தின்றால் மிஞ்சுவது வெறும் இரைச்சல்தான்.

தென்கடலோர மாவட்டங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக இருந்தது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. சென்னை நிலையத்தின் சிக்னல் எட்டாத ஊர்களுக்கு அது கடல் தாண்டி வந்து சேர்ந்தது. கிரிக்கெட் பார்க்கவும், ரூபவாஹினி வழங்கிய தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் அங்கே ஆன்டெனாக் கம்பங்கள் உயர்ந்துகொண்டே போயின. உயரம் போதாதபோது ஆன்டெனாவின் அடியிலேயே பூஸ்டரை மாட்டினார்கள். பூஸ்டருக்கு மின்சாரம் மேலே போக வேண்டும், சிக்னல் கீழே வர வேண்டும். இரண்டையும் ஒரே ஒயரில் ஏற்றத் தோதானது உருண்டையான கறுப்பு ஒயர், அதாவது கோஆக்சியல் கேபிள். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சேனல்களையும் அவற்றின் முதலாளிகளையும் அவர்களுடைய அரசியலையும் எழுதுகிறார்கள். அந்தச் சேனல்களை வீட்டுக்குள் கொண்டுவந்த ஒயருக்கும், அதை இழுத்து முனை கட்டியவர்களுக்கும் ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை. இது பெரிய குறை.

நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரைப் பிளாஸ்டிக், அதன் மேல் அலுமினியத் தாளும் பின்னல் வலையும், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. அமைப்பு அவ்வளவுதான். சிக்னல் ஓடுவது நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடைப்பட்ட வெளியில். வலை அதை உள்ளேயே பூட்டி வைக்கிறது. வெளி இரைச்சலையும் அண்டவிடாது. இந்த யோசனைக்கு 1880இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஆலிவர் ஹெவிசைடு. முறையான கல்லூரிப் படிப்பில்லாத தந்தித் தொழிலாளி அவர். பின்னாளில் மின்காந்தவியலின் சமன்பாடுகளையே செதுக்கிக் கொடுத்தவர். அவருடைய யோசனை ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1929இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த லாயிட் எஸ்பென்ஷீடும் ஹெர்மன் ஆஃபெலும், ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான பேச்சுகளையோ ஒரு தொலைக்காட்சிப் படத்தையோ ஏற்றும் முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1936இல் பெர்லினுக்கும் லைப்ஸிக்குக்கும் இடையே கோஆக்சியல் கேபிள் பதிக்கப்பட்டு, முகம் பார்த்தபடி பேசும் தொலைபேசிச் சேவையே அதில் நடந்தது.

நடுக்கம்பியின் தடிமனுக்கும் வலையின் உள்விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால், ஓம் கணக்கில் சொல்லப்படும் கேபிளின் மின்மறுப்பு மாறும். சிக்னல் மிகக் குறைவாகத் தேய்வது 77 ஓம் அருகே. அதிகச் சக்தியைத் தாங்குவது 30 ஓம் அருகே. டிவிக்கு வருவது ஏற்கெனவே மெலிந்த சிக்னல், தேய்மானம் குறைவதுதான் அதற்கு முக்கியம். அதனால் 75 ஓம் நிலைபெற்றது. இன்று கடையில் ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்கும் கேபிளின் பெயர்கூட, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் தன் கேபிள்களுக்குப் போட்ட வரிசை எண் முறையில் வந்தது.

கேபிள் டிவி என்ற தொழில் பிறந்தது பெருநகரத்தில் இல்லை, பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகளுக்கு நடுவே. பள்ளத்தாக்கு ஊர்களுக்குப் பிலடெல்ஃபியா நிலையத்தின் சிக்னல் எட்டவில்லை. படம் தெரியாத ஊரில் டிவி எப்படி விற்கும்? மஹனாய் சிட்டியில் கடை வைத்திருந்த ஜான் வால்சன் 1948இல் மலை உச்சியில் ஆன்டெனா நட்டு, அங்கிருந்து ஊருக்குள் ஒயர் இழுத்ததாகச் சொல்லப்படுகிறது. 1950இல் லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்ட்டன் என்ற கடைக்காரர் ஜெரால்ட் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கருவிகளை வைத்து ஊர் முழுவதற்கும் இணைப்புக் கொடுத்தார். டிவி விற்கவும் பழுது பார்க்கவும் கடை வைத்தவர்களே கேபிள்காரர்கள் ஆனார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது.

அந்த ஜெரால்ட் நிறுவனத்தில் 1950களின் தொடக்கத்தில் எரிக் வின்ஸ்டன் வடிவமைத்ததுதான் எஃப் கனெக்டர். உலகத்தில் இதைவிடச் சிக்கனமான கனெக்டர் இருக்க முடியாது. மற்ற கனெக்டர்களில் நடுவே ஒரு பின் இருக்கும். கேபிளின் நடுக்கம்பியை அதில் பற்றவைக்க வேண்டும். வின்ஸ்டன் அந்தப் பின்னையே எடுத்துவிட்டார். கேபிளின் நடுக்கம்பியே பின். மிச்சமிருப்பது வலையைப் பிடிக்க ஒரு குழலும், திருகி இறுக்க ஒரு மரையும். கம்பத்தின் மேல் ஏறி நிற்கிறவர் பற்றவைப்புக் கோலைத் தேட வேண்டாம். லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒயர் இழுக்கும் தொழிலில் இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தியாவுக்கு வந்த டிவிகளில் எஃப் மரை கிடையாது. 75 ஓம் வழி வந்தபோது டிவியின் முதுகில் இருந்தது, இங்கிலாந்தின் பெல்லிங் லீ நிறுவனம் 1920களில் ரேடியோவுக்காக உருவாக்கிய செருகு துளை. அதில் திருகு இல்லை, பிடிமானம் மட்டுமே. நம் ஊர்க் கடைகளில் டிவி பின் என்று கேட்டால் கிடைப்பது அதுதான். ஆக, ஒரே கேபிளின் ஒரு முனையில் அமெரிக்க மரையும் மறுமுனையில் ஆங்கிலேயப் பின்னும். டிவியைத் துடைக்க நகர்த்தும்போதெல்லாம் ஆங்கிலேயப் பின் தளரும், படம் போகும். பின் உடைந்து கையில் மாற்று இல்லாதபோது, நடுக்கம்பியைத் துளையில் நேராகச் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியை முட்டுக் கொடுத்த வீடுகள் ஏராளம்.

தமிழ்நாட்டில் தெருவில் ஒயர் ஓடத் தொடங்கியது 1980களின் நடுவில், சாட்டிலைட்டுக்கு முன்பே. ஒரு வீட்டில் வீடியோ டெக், அதிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இணைப்பு, இரவானால் ஒரு சினிமா, மாதக் கடைசியில் வசூல். திரையுலகம் இதைக் கடுமையாக எதிர்த்தது, எதிர்க்கக் காரணமும் இருந்தது. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர். நட்சத்திர ஹோட்டல்களில் சிஎன்என் நேரடியாகப் போரைக் காட்டியது. அதே ஆண்டு ஆசியாசாட்-1 வழியாக ஸ்டார் டிவியின் சேனல்கள் வந்தன. வீடியோ டெக் வைத்திருந்தவர்கள் கடன் வாங்கி மாடியில் பெரிய கம்பிவலைக் குடையை நிறுத்தினார்கள். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதன் பிறகு கேபிள் இணைப்பு ஆடம்பரம் என்ற நிலை மாறி அவசியமானது.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்த வேலையின் அளவை இன்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எந்த அரசுத் துறையும் திட்டம் போடவில்லை, எந்தக் கல்லூரியும் பாடம் நடத்தவில்லை. ரேடியோ மெக்கானிக்குகள், வீடியோ லைப்ரரிக்காரர்கள், எலக்ட்ரீசியன்கள், ஐடிஐ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள் என்று ஆளாளுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஊரை ஒயரால் இணைத்தார்கள். மாடி விட்டு மாடி, மரம் விட்டு மரம், மின்கம்பம் விட்டு மின்கம்பம். தெருவைக் கடக்க ஒரு சணல் கயிற்றில் கல்லைக் கட்டி எதிர் மாடிக்கு எறிவார்கள். கயிற்றின் பின்னால் ஜிஐ கம்பி போகும், அதன் மேல் கேபிளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மின்கம்பத்தில் ஏறிய பையன்களுக்குக் கையுறைகூடக் கிடையாது. மின்சாரக் கம்பிக்கு ஓர் அடி கீழே நின்று பல்லால் உறையைக் கிழித்து முனை கட்டியவர்கள் அவர்கள். அந்த ஆபத்துக்கு ஏற்ற கூலி ஒருபோதும் கிடைத்ததில்லை.

கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமில், ஒவ்வொரு சேனலையும் அதற்கான அலைவரிசையில் ஏற்ற ஒரு மாடுலேட்டர். எல்லாவற்றையும் கலந்து ஒரே கேபிளில் அனுப்ப வேண்டும். இங்கேதான் கேபிளின் இயற்பியல் ஊரின் வியாபாரத்தில் தலையிட்டது. ஆர்ஜி-6 கேபிளில் 100 மீட்டர் போனால், 55 மெகாஹெர்ட்ஸ் அளவிலான கீழ்ச் சேனல் ஏறக்குறைய 5 டெசிபல் தேயும். அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். 860 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய மேல் சேனல் ஏறக்குறைய 20 டெசிபல் தேயும். மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு. வழியில் ஆம்ப்ளிஃபையர் வைத்துத் தூக்கிவிடலாம், ஆனால் இரைச்சலும் சேர்ந்தே தூக்கப்படும். தெருக்கோடி வீட்டுக்குக் கீழ்ச் சேனல்கள் பளிச்சென்றும் மேல் சேனல்கள் புள்ளி புள்ளியாகவும் போய்ச் சேரும். போதாக்குறைக்குப் பழைய டிவிகள் மேல் அலைவரிசைகளை எடுக்கவே மாட்டா. பிரைம் பேண்டு எனப்பட்ட கீழ் இடங்கள் சிலவே இருந்தன, அவற்றுக்குக் கடும் போட்டி. அங்கே இடம் கேட்டுச் சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டின. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில், தூர்தர்ஷன் சேனல்களைப் பிரைம் பேண்டில்தான் காட்ட வேண்டும் என்றே பின்னர் எழுதிச் சேர்த்தார்கள். ஒரு செப்புக் கம்பியின் தேய்மானம் நாடாளுமன்றம் வரை போன கதை இது. அதே சட்டத்தின்படி கேபிள்காரர்கள் பதிவு செய்துகொண்ட இடம் தலைமை அஞ்சலகம்.

ஆம்ப்ளிஃபையர்களுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளில்தான் போனது. கண்ட்ரோல் ரூம் பக்கம் கரண்ட் போனால் நாலு தெரு தள்ளி, கரண்ட் இருக்கும் வீட்டிலும் படம் போகும். 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் கேபிள்காரர்கள் வாங்கிய திட்டில் பெரும்பங்கு இதனால் வந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே பலருடைய லாபம் கரைந்தது.

வீட்டுக்குள் வந்த பிரச்சினைகளில் பெரும்பாலானவை கனெக்டரில் இருந்தன. அனுபவப்பட்ட கேபிள்காரர் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைத் தொட மாட்டார், பின்னைத்தான் பிடித்துப் பார்ப்பார். பழைய முனையை இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டி எறிவார். ஈரம் ஏறிய வலை பச்சை பூத்திருக்கும், அதில் மறுபடி கனெக்டர் போட்டுப் பயனில்லை. பிறகு பிளேடால் கறுப்பு உறையை ஒரு சுற்று மட்டும் கீறுவார். அழுத்திவிட்டால் வலை இழைகள் அறுந்துபோகும். உறையைக் கழற்றி, வலையைப் பின்னோக்கி மடித்து உறையின் மேலேயே படியவிடுவார். வெள்ளைப் பிளாஸ்டிக்கை வெட்டி நடுக்கம்பியை வெளியே எடுக்கும்போது கை இன்னும் மெதுவாகும். அந்தக் கம்பி பெரும்பாலும் முழுச் செம்பு இல்லை. எஃகின் மேல் மெல்லிய செப்புப் பூச்சு. உயர் அலைவரிசை மின்னோட்டம் கம்பியின் தோலில் மட்டுமே ஓடும், 55 மெகாஹெர்ட்ஸில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்துக்கு. அதனால் பூச்சு போதும். ஆனால் பிளேடு பூச்சைச் சுரண்டிவிட்டால் சிக்னலின் பாதையே சுரண்டப்பட்டுவிடும்.

பிறகு கனெக்டரை முறுக்கி உள்ளே தள்ளுவார். வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரின் உள் அடித்தளத்தோடு மட்டமாக வந்து நிற்க வேண்டும். நடுக்கம்பி மரையின் விளிம்பைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்க வேண்டும். குறைந்தால் தொடாது, கூடினால் உள்ளே மடங்கும். வளையத்தைக் கட்டிங் பிளேயரால் நசுக்கும் முன் கனெக்டரின் வாயை வெளிச்சத்தில் காட்டி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். வலையின் ஒரே ஓர் இழை நழுவி நடுக்கம்பியைத் தொட்டிருந்தால் அத்தனை சேனலும் போய்விடும். கண் பழகிய கைக்கு இரண்டு நிமிட வேலை. பழகாத கைக்குக் கேபிள் அங்குல அங்குலமாகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் டிவிக்கு எட்டாமல் போகும்.

2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நாட்டிலேயே அப்போது அது நடைமுறைக்கு வந்த ஒரே பெருநகரம் சென்னைதான். 2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போனபோது அவற்றுக்கெல்லாம் ஒயர் இழுத்ததும் அதே தெருக் கேபிள்காரர்கள்தான். அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் பதிவாகி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. மேலே நிர்வாகங்கள் மாறின, வசூல் போகும் இடம் மாறியது. தெருவில் தொங்கிய ஒயரும் அதைப் பார்த்துக்கொண்ட ஆளும் மாறவில்லை.

இதற்கிடையே வீட்டு மாடிகளில் சின்னக் குடைகள் முளைத்தன. டிடிஎச் வந்ததும் கோஆக்சியல் கேபிளின் சுமை கூடியது. குடையின் முனையில் உள்ள எல்என்பி என்ற கருவி 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னலைக் கீழே அனுப்புகிறது. செட்டாப் பாக்ஸ் அதே கம்பியில் 13 அல்லது 18 வோல்ட்டை மேலே அனுப்புகிறது. 13 என்றால் செங்குத்து அலைகள், 18 என்றால் கிடை அலைகள். ரூபவாஹினி பார்க்கப் பூஸ்டர் மாட்டியவர்கள் செய்ததன் வளர்ந்த வடிவம் இது. மெல்லிய ஆர்ஜி-59 கேபிள்கள் இந்த அலைவரிசைக்குத் தாங்காமல் ஒதுக்கப்பட்டன. செட்டாப் பாக்ஸின் உள்வரும் முனையில் எஃப் மரை நின்றது. ஆங்கிலேயப் பின் மெல்ல வீடுகளை விட்டுப் போனது.

டிஜிட்டல் வந்தபின் பிழையின் முகமும் மாறியது. அனலாக் காலத்தில் கேபிள் எங்காவது மடிந்து நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் சிக்னல் முட்டித் திரும்பும். திரையில் ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னோர் உருவம் நிற்கும். அதைப் பார்த்தே பழுது எங்கே என்று கேபிள்காரர் ஊகிப்பார். இப்போது படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது நீலத் திரையில் ‘நோ சிக்னல்’ என்று வரும். இடைநிலை கிடையாது. வீட்டுக்காரர்களே முனை கட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். டிவி ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகிறது, அலமாரி இடம் மாறுகிறது, வெள்ளையடிக்க ஒயரைக் கழற்றுகிறார்கள். கனெக்டர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கேபிள்காரர்கள் வீட்டுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது சில விஷயங்கள்தான். மூலையில் ஒயரைச் சட்டென்று மடிக்கக் கூடாது. உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளைவு வேண்டும். ஆணி அறைந்து பிடிக்கும் கிளிப், உறையை நசுக்கக் கூடாது. வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கொஞ்சம் தாழத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். மழைநீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. இரண்டு டிவிக்குப் பிரித்த ஸ்ப்ளிட்டர், ஒரு டிவி போனபிறகும் அப்படியே தொங்கக் கூடாது. பாதிக்கு மேல் சிக்னலை அது வீணாகத் தின்றுகொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்தாலே பல வீடுகளில் உடைந்த படம் சரியாகிவிடுகிறது.

இன்று தெருவில் ஓடுவது பெரும்பாலும் ஃபைபர். தொண்ணூறுகளில் பிளேடும் கட்டிங் பிளேயருமாக ஏணியில் நின்ற பலர் இப்போது ஃபைபரை உருக்கி ஒட்டும் கருவியோடு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றில் கேபிள் டிவிக்கென்றே சுவருக்குள் பிவிசி குழாய் பதித்திருக்கிறார்கள். அதற்குள் பழைய கோஆக்சியல் கிடக்கிறது. புது ஃபைபருக்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. கோஆக்சியலின் ஒரு முனையில் ஃபைபரைச் சேர்த்துக் கட்டி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். இழுப்பதற்கு முன் எஃப் கனெக்டரை மட்டும் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாயின் முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும்.